‘சரிங்க’ என்று நான் சொன்னது

எனது பெயர் அழகையா ஜெயலெட்சுமி. வயது முப்பத்து நான்கு. தெமோதரைக்கு மேலே உள்ள தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் வசிக்கிறேன். தேயிலைக் கொழுந்து எடுப்பது தொழில். மனநோய் வார்ட்டில் தலைக்குக் கொடுக்கும் கரண்ட் சிகிச்சையைத் தொடரலாமா என்று ஆராயும் குழு, அதைப் பெற்றவர்களும் வந்து பேசலாம் என்று அறிவித்ததால், 2004.08.11 இன்று பதுளையில் இதைச் சொல்கிறேன்.

சென்ற வருட மழைக்காலத்தில் எனக்குச் சோறும் பேச்சும் நின்றுபோயின. கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். நானும் அதோடு உட்கார்ந்திருப்பேன். அதன் பின்னர் என் கணவர் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே டொக்டர் இரகுநாதன், “நாளைக்குக் கரண்ட் வைக்கப்போறம், என்ன பிள்ளை?” என்று கேட்க, நான் “சரிங்க” என்றேன். காலைப் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்திக் கங்காணி வேலை பிரிக்கும்போது எல்லாரும் சொல்வதுதான் அது. காதில் விழுந்தது என்று அர்த்தம். இஷ்டம் என்று அர்த்தமில்லை. டொக்டர் யாழ்ப்பாணத்து மனுஷர், பாவம், அவருக்கு அது தெரியாது.

அதன் பின்னர் பல தடவை கரண்ட் வைத்தார்கள். பனி விலகியது, பசித்தது. பொய் சொல்ல மாட்டேன், அதுதான் என்னை எழுப்பியது. ஆனால் அதற்கு முன்பு மகன் நிஷாந்தோடு துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போன ஞாபகம் என்னிடம் இல்லை. தண்ணீர் விழும் சத்தம் இருக்கிறது, முகத்தில் சாரல் இருக்கிறது, பிள்ளை இல்லை. “அம்மா, நீதானே என்னைய இடுப்புல தூக்கிக்கிட்டு எறங்குன” என்கிறான். நான் தலையாட்டுகிறேன். மலையில் நிற்கும்போது சில நேரம் இடுப்பு கனக்கும். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. அப்போது அழுகை வருகிறது.

இப்போது மறுபடியும் தூக்கம் கெட்டிருப்பதால், அடுத்த கிழமை கரண்ட் வைக்கலாம் என்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்று குழு கேட்டது. இரண்டும்தான். நிறுத்தச் சொல்லவில்லை. எது போகும் என்று முதலில் சொல்லட்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடம் விடட்டும், அதன் பின்னர் கேட்கட்டும்.

இதை எழுதிய உத்தியோகத்தர் சிவரூபி மிஸ் முழுவதையும் வாசித்துக் காட்டி, “எல்லாம் சரியோ அக்கா?” என்று கேட்டார். ‘சரிங்க’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, “ஒரு எடத்துல தப்புங்க மிஸ். டொக்டர்கிட்ட ‘சரிங்க’ன்னு சம்மதிச்சேன்னு எழுதியிருக்கீங்க. சம்மதிச்சேங்கிறத வெட்டுங்க” என்றேன். வெட்டினார். அதன் பின்னர், மீதியிருப்பது உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

அ. ஜெயலெட்சுமி