அத்தாவின் கார்டுக்கு நான் கட்டிய பதினாறு தவணைகள்

என் பெயர் அப்சர். வயது 34. தகப்பனார் பெயர் ஜெய்னுலாபுதீன், காலஞ்சென்றவர். மன்னார்குடி, பள்ளிவாசல் சந்து, கதவு எண் 14-ல் என் அம்மா ஜன்னத் பீவி, மனைவி ரிஃப்கா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை நடத்துகிறேன். 14.07.2025 திங்கட்கிழமை காலை 11 மணிக்கு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் ஆய்வாளர் அவர்கள் கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது.

என் தகப்பனாராகிய அத்தா வட்டிக்குப் பயந்தவர். கையில் காசு இல்லாத காலத்தில்கூட வீட்டு நகையை அடகுக் கடைக்கு அனுப்பியதில்லை. 2021-ஆம் ஆண்டு அம்மாவுக்குத் தஞ்சாவூர் தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நடந்தபோது, வேறு வழியில்லாமல் தன்னிடம் இருந்த ஒரு தனியார் வங்கியின் கிரெடிட் கார்டில் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் தேய்த்தார். அதன் பிறகு கடைக்குச் செம்புக் கம்பியும் அதிலேயே வாங்கினார். மாதாமாதம் வந்த பில்லில் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை என்று போட்டிருந்ததை மட்டும் தேதி தவறாமல் கட்டி வந்தார். அதுதான் தவணை, அதைக் கட்டினால் வட்டி கிடையாது என்று நம்பினார். கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கிறது என்பது அவர் இறந்த பிறகு பில்களை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

11.02.2024 ஞாயிற்றுக்கிழமை காலை அத்தா மாரடைப்பால் கடையிலேயே இறந்துவிட்டார். அன்று மாலை பள்ளிவாசலில் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு முன்பு, எங்கள் வழக்கப்படி, மையத்தை, அதாவது அத்தாவின் உடலை, முன்னால் வைத்துக்கொண்டு மகனாகிய நான் ஜமாஅத்தாரைப் பார்த்து, "எங்க அத்தா யாருக்காவது ஏதாவது கொடுக்கணும்னா எங்கிட்ட வாங்க, நான் பொறுப்பு. வேணாங்கறவங்க அவரைப் பொறுத்துக்குங்க" என்று சொன்னேன். கடனோடு அடக்கமாகிறவரின் ஆன்மா அந்தக் கடன் தீரும்வரை நிம்மதி அடையாது என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் அந்த வார்த்தையை யாரும் ஒப்புக்குச் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு பத்துப் பேர் வந்தார்கள். சிலர் இருநூறு என்றார்கள், ஒருவர் நாலாயிரம் என்றார். கேட்டதைக் கொடுத்தேன். எடமேலையூர் விவசாயி வீரையன் என்பவர் மோட்டாருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "காசு கெடக்குது தம்பி, பாய்க்கும் எனக்கும் கணக்கு ஏது? நான் விட்டுட்டேன், நீங்க மனசுல வச்சிக்காதீங்க" என்றார். இருந்தாலும் அவருடைய மோட்டாரைக் கட்டி நானே கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுத்தேன்.

நான்காம் நாள் மயிலாடுதுறையைச் சேர்ந்த ஷேக் பரீத், வயது சுமார் 45, எங்கள் வீட்டுக்கு வந்தார். மேற்படி வங்கியின் கார்டு பாக்கியை வசூலிக்கும் ஏஜென்சியில் வேலை செய்வதாகச் சொல்லி அடையாள அட்டை காட்டினார். அத்தாவுக்குப் போன் செய்தபோது இறந்த செய்தி தெரிந்து தொழுகைக்கு வந்ததாகவும், கடைசி வரிசையில் நின்றதாகவும் சொன்னார். "நீங்க மையத்தை வச்சிக்கிட்டுச் சொன்னதை நானும் கேட்டேன் தம்பி. அன்னைக்கே கேக்கறது மொறை இல்லைன்னுதான் போயிட்டேன்" என்றார். அந்தப் பேச்சில் நான் விழுந்துவிட்டேன். பாக்கி 1,86,420 ரூபாய் என்று பில்லைக் காட்டினார். அது அத்தாவின் பெயரில் வந்த சரியான பில்தான்.

கார்டுக்காரர் இறந்துவிட்டதால் வங்கியில் நேரடியாகக் கட்ட முடியாது என்றும், தன் செல்போன் எண்ணுக்கு அனுப்பினால் தானே கட்டி ரசீது தருவதாகவும், இனி வட்டி ஏறாமல் நிறுத்தி வைப்பதாகவும் சொன்னார். வங்கிக்குத் தர வேண்டும் என்று அத்தாவின் இறப்புச் சான்றிதழ் வந்ததும் அதன் நகலையும், என் ஆதார், பான் நகல்களையும் வாங்கிக்கொண்டார். "அத்தா கார்டு நிக்கற வரைக்கும் உங்க சிபிலும் ஏறாது, ரெண்டையும் சேர்த்து நான் சரி பண்ணிடறேன்" என்றார். அப்போது எனக்கு, கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது.

வாரிசு கட்ட வேண்டியதே இல்லாத கடனை வங்கியில் ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஏன் கட்டினீர்கள் என்று ஆய்வாளர் அவர்கள் கேட்கிறார்கள். முன்னால் வந்த பத்துப் பேரில் ஒருவரிடமும் நான் ஆதாரம் கேட்கவில்லை. கேட்டால் இறந்தவருக்கு அவமானம், கேட்கிறவனுக்கும் அவமானம். இவர் பதினோராவது ஆள். இவரிடம் மட்டும் துருவிக் கேட்க எனக்கு நா எழவில்லை. ஊருக்கெல்லாம் மோட்டாரைப் பிரித்துப் பார்த்துக் கோளாறு சொல்கிறவன், இதில் மட்டும் புத்தி கெட்டுப்போனேன்.

மார்ச் 2024 முதல் மே 2025 வரை மாதம் பன்னிரண்டாயிரம் வீதம் பதினைந்து தவணை அனுப்பினேன். அனுப்பிய விவரம் என் செல்போனில் உள்ளது. குறுவை நேரத்தில் கடையில் வேலை இருக்கும், பணம் புரளும். மழை மாதங்களில் மோட்டார் வராது. அப்போது மனைவியின் தையல் கூலியையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு தவணைகூடத் தவறவில்லை.

இதற்கிடையே ஜனவரி 2025-ல் ஷேக் பரீத் கடைக்கு வந்து, மதிப்பெண்ணை ஏற்றுவதாகச் சொல்லி என் செல்போனை வாங்கினார். என் முகத்தைப் படம் எடுத்து, வந்த ஓடிபி எண்களைத் தானே பார்த்துப் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் என் கணக்கில் எழுபத்தைந்தாயிரம் ரூபாய் வந்தது. மதிப்பெண்ணுக்காகப் போட்டு எடுக்கிற பணம் அது, உடனே திருப்ப வேண்டும் என்று சொல்லித் தன் எண்ணுக்கு அனுப்ப வைத்தார். வீட்டில் சொன்னபோது ரிஃப்கா, "யாரோ எவரோ நம்ம கணக்குல எதுக்குங்க பணம் போடணும்?" என்று கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவளைத் திட்டினேன். அவள் கேட்டதுதான் சரி. அதன் பிறகு தெரியாத எண்களிலிருந்து கடன் தவணை கேட்டுப் போன் வந்தது. அதெல்லாம் மோசடிக்காரர்கள், எடுக்காதீர்கள் என்று ஷேக் பரீத் என்னை எச்சரிக்கை செய்தார்.

ஜூன் மாதம் 5-ஆம் தேதி மீதி 6,420 ரூபாயையும் அனுப்பினேன். பாக்கி இல்லை என்று வங்கியின் பெயர் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்குப் பார்த்த செலவுல அவரு மாட்டிக்கிட்டாரேன்னு இருந்தேன், இப்பதாம்ப்பா எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லி அழுதார். மறுநாள் சந்து முழுக்கப் பாயசம் கொடுத்தார்.

அதன் பிறகு காயில் சுற்றும் இயந்திரம் வாங்க மன்னார்குடியில் ஒரு வங்கியில் கடன் கேட்டேன். என் மதிப்பெண் 540-க்கும் கீழே இருப்பதாகவும், செயலி மூலம் வாங்கிய எழுபத்தைந்தாயிரம் ரூபாய்க் கடனில் ஒரு தவணைகூட நான் கட்டவில்லை என்றும் சொல்லி மறுத்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

02.07.2025 அன்று தஞ்சாவூரில் உள்ள கார்டு வங்கியின் கிளைக்குப் போய் மீனா என்ற அலுவலரைப் பார்த்தேன். அத்தா இறந்த பிறகு அந்தக் கார்டுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். நான் ஷேக் பரீத்திடம் கொடுத்த இறப்புச் சான்றிதழ் 2024 மார்ச் மாதமே வந்துவிட்டதாகவும், அதை வைத்து வசூலை நிறுத்திவிட்டதாகவும், ஷேக் பரீத் அடுத்த மாதமே ஏஜென்சியை விட்டு நீக்கப்பட்டதாகவும் சொன்னார். "நீங்க எதுவும் கட்ட வேண்டாங்க சார். வாரிசுங்ககிட்ட நாங்க கேக்க மாட்டோம்" என்றார். அப்படியானால் அத்தாவை மன்னித்துவிட்டதாக வங்கி சார்பில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். அந்த அம்மா கணினியில் அத்தாவின் கணக்கை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "அந்த அதிகாரம் எனக்கு இல்லைங்க. வராத பணம்னு கணக்குல எழுதியிருக்கோம், விட்டுக்கொடுத்துட்டதா அர்த்தம் இல்லைங்க" என்றார். வீரையன் ஒரு நிமிடத்தில் சொன்ன வார்த்தையைச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை.

09.07.2025 அன்று மயிலாடுதுறையில் ஷேக் பரீத்தின் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அன்று மாலை வேறொரு எண்ணிலிருந்து அவரே பேசினார். "கஷ்டத்துல செஞ்சிட்டேன் தம்பி. இப்ப திருப்பித் தர வழியில்ல. பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நாளைக்கு மறுமையில நான் நிக்கணும்" என்றார். "எழுபத்தஞ்சாயிரம் என் தலையில விழுந்தது, அதைக்கூட விட்டுடுவேன். மத்தது எங்க அத்தாவுக்காகக் கட்டினது. அதைப் பொறுத்துக்க நான் யாரு?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். அந்த எண்ணை ஆய்வாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.

நான் வாங்காத கடனை என் பெயரிலிருந்து நீக்கவும், ஷேக் பரீத் மீது நடவடிக்கை எடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். மீட்கப்படும் பணத்தை நேராக அத்தாவின் கார்டுக் கணக்கில் செலுத்தும்படி கேட்டேன். புகார்தாரரிடம்தான் ஒப்படைக்க முடியும் என்று ஆய்வாளர் சொன்னதால் சரி என்றேன். அது வரும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. அந்தக் கணக்கில் வாரிசு தானாக முன்வந்து பணம் கட்ட முடியுமா என்று மீனா அவர்களிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். முடியும் என்றால் முதலிலிருந்து கட்டுவேன்.

விசாரணைக்கு வரும் காவலர்கள் என் வீட்டுக்கு வர வேண்டாம், கடைக்கு வரும்படி வேண்டிக்கொள்கிறேன். கடன் தீர்ந்துவிட்டது என்று நினைத்து என் அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார்.

நான் சொன்னதைக் காவலர் எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது அனைத்தும் நான் அறிந்த உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஜெ. அப்சர்
14.07.2025