சங்கத்துக் கணினியில் ஓடாத நிரல்

கணினி நின்றுபோனால் பெரும்பாலானோர் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். நான் தட்டுவதில்லை. குருநகரில் என்னைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்: ஜெனிஸ்ரன் மாஸ்ரர் பொறுமைசாலி. யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிலையத்தில் நிரலாக்கம் படிப்பிக்கிறேன். இன்றுவரை என்னால் மாணவர் எவரும் சாகவில்லை.

என் மனைவி லவீனா என்னிடம் படித்தவள். இதை அடிக்கடி சொல்வேன். படித்து முடித்த கையோடு என்னைவிட நன்றாக எழுதத் தொடங்கிவிட்டாள். இதை நான் சொல்வதில்லை; யாரும் கேட்பதுமில்லை.

அவளுடைய தகப்பன் கனிசியஸ் கடற்றொழிலாளி. கரையில் நின்று கதைத்தால் கோயில் மணிக்கு வேலை இல்லை, அப்படியொரு குரல். பெரும்பாலும் தனியாகவே படகில் போவார். அந்தப் பயத்தில்தான் லவீனாவுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் கரையில் உள்ள ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர் யாகோப்பு அண்ணையிடம் போய் விளக்கினாள்.

"கடலுக்கு வெளிக்கிடேக்கை பேரையும் திரும்பிற நேரத்தையும் பதிஞ்சால் காணும். நேரம் தாண்டியும் ஆள் வரேல்லை எண்டால் கொம்பியூட்டர் சைரன் அடிக்கும்."

"பலமா அடிக்கிற மாதிரிச் செய் பிள்ளை," என்றார் யாகோப்பு அண்ணை. "காவலுக்கு இருக்கிறவன் நல்ல நித்திரைகாரன்."

சங்கத்துக் கணினி ஒரு கிழம். இணைய இணைப்பு இல்லை. அதில் புதிதாக எதையும் நிறுவுவது இறந்தவருக்குத் தடுப்பூசி போடுவதைப் போன்றது. ஆகவே நிரல் தனியொரு கோப்பாக, எந்தத் துணையும் கேட்காமல், இரண்டு தரம் அழுத்தினால் ஓடவேண்டும். நாம் எழுதுவதை அப்படிப்பட்ட கோப்பாக மாற்றித் தருவது கொம்பைலர் என்ற மென்பொருள். நிரலை லவீனா எழுதினாள்; மாற்றும் வேலையை நான் செய்கிறேன் என்றேன். மாஸ்ரர் இருக்க மாணவி செய்வது அழகில்லை.

கோப்பைப் பென்ரைவில் கொண்டுபோய்ச் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் அழுத்தினேன். ஏதோ ஒரு துணைக் கோப்பைக் காணவில்லை என்று கணினி சொன்னது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதையே சொன்னது. இயந்திரம் பழசு என்றேன். வைரஸ் இருக்கலாம் என்றேன். மின்சாரத்தையும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

லவீனா என் காதருகே வந்து மெதுவாகத்தான் சொன்னாள். "இணைக்கேக்கை ஸ்ராற்றிக் எண்டு ஒரு சொல்லுப் போட்டனீங்களோ? போட்டால் அந்தத் துணைக் கோப்பும் உள்ளுக்கை வந்திடும்."

தன் மடிக்கணினியைத் திறந்து அந்தச் சொல்லைத் தட்டினாள். புதிய கோப்பு வந்தது. கிழட்டுக் கணினி அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு, சைரன் அடித்துக் காட்டியது. காவல்காரன் உட்பட எல்லோரும் விழித்தார்கள்.

"மாஸ்ரருக்கே மாஸ்ரர் வந்திட்டா," என்றார் மாமா கனிசியஸ், அந்தக் குரலில். "தம்பி, இனி நீர் பிள்ளையிட்டைப் படியும்."

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தேன்.

யாகோப்பு அண்ணை சில மாற்றங்கள் கேட்டார்: படகின் பெயர், தொலைபேசி இலக்கம், அப்படிச் சிறிய விடயங்கள். லவீனா செய்து தருவதாகச் சொன்னாள். பழைய கோப்பை அழித்துவிடுவது நல்லது, இரண்டு இருந்தால் குழப்பம் வரும் என்று நான் ஆலோசனை கூறினேன்; அப்போதே அழித்தார்கள். உண்மையில் அது நல்ல ஆலோசனைதான். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அன்று அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய மடிக்கணினியில் இன்னொரு கொம்பைலரை நிறுவினேன். அது புதிய கணினிகளுக்கு மட்டுமே கோப்புச் செய்யும். ஒரே பெயரில் இரண்டு கொம்பைலர்கள் இருந்தால், எங்கெங்கே தேடுவது என்று கணினி வைத்திருக்கும் பாதைப் பட்டியலில் முதலில் நிற்பதைத்தான் அது எடுக்கும். என்னுடையதை முதல் இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான். ஒரு வரி. அவளுடைய நிரலில் ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை. அடுத்தவர் எழுதியதில் கை வைப்பது எனக்குப் பிடிக்காது.

அதன் பிறகு அவள் செய்த கோப்பு வீட்டில் ஓடியது, சங்கத்தில் ஓடவில்லை. திருத்தினாள்; ஓடவில்லை. முழுவதையும் புதிதாக எழுதினாள். வீட்டில் முன்னையதைவிட அழகாக ஓடியது, சங்கத்தில் ஓடவில்லை. சமையலின் நடுவில் அகப்பையோடு வந்து ஒரு வரியை மாற்றிவிட்டுப் போவாள். அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

"கொம்பைலரிலை ஏதும் பிழையோ? ஒருக்காப் பாக்கட்டோ?" என்று கேட்டாள்.

"அதை நான் பாத்திட்டன்," என்றேன்.

அது பொய்யல்ல. நன்றாகப் பார்த்துத்தான் இருந்தேன்.

கடைசியில் யாகோப்பு அண்ணை வீட்டுக்கு வந்தார். "பிள்ளை, குறை நினையாதை. பழையபடி ஆளை வைச்சே பாப்பம்." அவர் போன பின் லவீனா மடிக்கணினியை மூடினாள். "எனக்கு உது ஏலாது. வீட்டிலை ஓடினதைப் பாத்து எனக்கு வேலை தெரியும் எண்டு நினைச்சிட்டன்." அன்று மாலை அவளை நகருக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சமாதானம் இருந்தது. கொஞ்சக் காலம் போனதும் நானே சரிசெய்து கொடுப்பதாகத்தான் எண்ணியிருந்தேன். ஒரு பாடத்துக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவுதான்.

வாடைக்காற்றுத் தொடங்கிய வாரத்தில் மாமா தனியாகக் கடலுக்குப் போனார். மத்தியானம் திரும்பவேண்டியவர். காவல்காரன் வழமைபோல நித்திரை. பின்னேரம் லவீனா வாசலுக்கும் வேலிப் படலைக்குமாக நடந்தாள்.

"அப்பா இன்னும் வரேல்லை. போனும் வேலை செய்யேல்லை. யாகோப்பு அண்ணையிட்டைச் சொல்லுவமோ?"

"நெடுந்தீவிலை உங்கடை மாமி வீட்டை நிண்டிட்டார் போலை. பயப்பிடாதையும்," என்றேன். அவர் முன்பும் அப்படி நின்றிருக்கிறார். நியாயமான ஊகம்.

விடிந்த பிறகு படகுகள் தேடிப்போயின. அவருடைய படகு கவிழ்ந்து கிடந்தது. இயந்திரம் பழுதாகி, இழுபட்டுப் போய், காற்றுக் கூடிய இரவில்தான் கவிழ்ந்திருக்கவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னார்கள். பின்னேரமே தேடியிருந்தால் அவரை உயிரோடு மீட்டிருக்கலாமாம். உடல் பிறகு கரைக்கு வந்தது.

செத்தவீட்டில் லவீனா யாகோப்பு அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ரை புரோகிராம் ஓடியிருந்தால் அப்பா இருந்திருப்பார், அண்ணை. நான்தான் விட்டிட்டன்."

"அப்பிடிச் சொல்லாதை, பிள்ளை," என்றார் அவர். 

அடக்கம் முடிந்ததும் அவளுடைய மடிக்கணினியிலிருந்து என் கொம்பைலரை நீக்கினேன். பிறகு, அவள் கடைசியாக எழுதியதை எதையும் மாற்றாமல் கோப்பாக்கி, சங்கத்துக்குக் கொண்டுபோனேன். முதல் அழுத்திலேயே ஓடியது. சைரன் அடித்தது. இப்போது ஒவ்வொரு படகும் அதில் பதிந்துவிட்டுத்தான் போகிறது. போன மாதம் றஞ்சித்தின் படகு நேரம் தாண்டியபோது சைரன் அடிக்க, தேடிப்போய் இருவரை உயிரோடு கொண்டுவந்தார்கள். பூசை முடிந்து பாதர் என் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

"எங்கை பிழை இருந்தது?" என்று லவீனா ஒரு முறை கேட்டாள்.

"பழைய கதை. விடும்," என்றேன்.

அதை அவள் தன் பிழை என்று எடுத்துக்கொண்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் நிரல் எழுதுவதில்லை.

ஒரு வரியைத்தான் மாற்றினேன் என்றாலும், அந்த வரியால்தான் மாமா செத்தார் என்பது எனக்கு விளங்காமலில்லை. ஆனால் கணவன் என்ற கடமையில் நான் குறை வைக்கவில்லை. அவள் அழும்போதெல்லாம் பக்கத்தில் இருந்து, "உம்மிலை ஒரு பிழையும் இல்லை," என்று சொல்கிறேன். பாதரும் அதைத்தான் சொல்கிறார், யாகோப்பு அண்ணையும் சொல்கிறார், ஆனால் அவர்கள் ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள். நிச்சயமாகத் தெரிந்து சொல்லக்கூடிய ஒருவர் வீட்டிலேயே இருப்பது அவளுடைய அதிர்ஷ்டம்.