பொங்கலுக்கு முன்னால் பிரித்த பெட்டி

எதிர்க்கடையில் யாராவது தும்மினால்கூட இங்கே நான் காரணம் தேடுவேன். காரைக்காலில் கடை வைத்திருக்கும் எல்லோருமே அப்படித்தான். சரக்கை எந்தத் தேதியில் விற்க வேண்டும் என்று கம்பெனி சொல்லும்; உண்மையில் எப்போது விற்போம் என்பதை எதிர்க்கடைக்காரர் முகம்தான் சொல்லும். நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்களுக்கு வியாபாரம் பழக்கமில்லை. டீயைக் குடியுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

மின்சார ஆபீசில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இந்த டிவி கடையைத் திறந்தேன். இலங்கை டிவியான ரூபவாஹினி தெரிவதற்காக இந்த ஊர் மாடிகளில் தென்னை உயரத்துக்கு நிற்கும் ஆன்டெனாக்களில் பாதி நான் ஏற்றியவை. மீதிப் பாதியும் நான் ஏற்றியதாகத்தான் ஊரில் சொல்லிக்கொள்கிறேன். எதிர்க்கடை காதர் பாட்சாவுடையது. எங்கள் நடுவே ஒரு சாலையும் கொஞ்சம் பொறாமையும் உண்டு. பொறாமை முழுவதும் அவருடையது.

டிவியோடு இணைத்தால் திரையில் பந்தும் மட்டையும் ஓடும் விளையாட்டுப் பெட்டி வரப்போகிறது, வீடியோ கேம் என்று பெயர் என்றதும் பக்கத்து நெரவியில் மாடுகள்கூட வைக்கோலை விட்டு நிமிர்ந்து பார்த்தன. கம்பெனி ஆள் கோவிந்தராசு வேனில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அந்த நேரத்தில் காதர் பாட்சா ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார். ஷட்டரை இறக்கமாட்டார். "அண்ணே, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஒரு குரல் கொடுப்பார், அவ்வளவுதான். வருஷக்கணக்காக அவர் கடைக்கு நான்தான் பூட்டு. எனவே இரண்டு கடைப் பெட்டிகளையும் நானே இறக்கிவைத்தேன். ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கடையின் பெயர் போட்ட சீல். பொங்கலுக்கு முன்னால் பிரித்தால் ஏஜென்சி போய்விடும்.

தொழுகை முடிந்து வந்தவரிடம் சொன்னேன்.

"பொங்கலுக்குத்தானே? நான் தொடமாட்டேண்ணே. வாக்குன்னா வாக்குதான்."

"நீ தொடுவேன்னு யாரு பாய் சொன்னா?"

"இல்ல, சும்மா சொன்னேன்."

கேளுங்கள், சும்மா சொன்னாராம். கேட்காமலே ஒருவர் யோக்கியனாகிறார் என்றால் அதில் விஷயம் இருக்கிறது. அடுத்த நாள் அவர் கடைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக டீ போனது. அதற்கடுத்த நாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் சிரிக்கவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவர் விற்கப்போகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கடைகள் தேதிக்கு முன்பே விற்பது பேராசையால் அல்ல சார், தற்காப்புக்காக.

அந்த வாரம்தான் முசியே ரொபேர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தருமபுரத்தில் தனியாக இருந்தார். மனைவி ழானெத், மகளோடு பிரான்சில்.

"கிறிஸ்மஸுக்குப் பேரன் வரான், சோமு. அந்தப் பயகிட்ட நான் தோத்தா குடும்ப மானம் போயிடும். இப்பவே பழகணும்."

"பொங்கல் வரைக்கும் பொறுங்க முசியே."

"இந்தோசீனாவுலயே உத்தரவுக்குக் காத்திருந்தவன் இல்லைய்யா நான். நீ முடியாதுன்னா பாய்கிட்ட கேட்டுக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை உலுக்கியது. ஆனால் என் சீலை உடைத்தால் என் ஏஜென்சி போகும். அடுத்த வெள்ளிக்கிழமை "பாத்துக்குங்க" என்ற குரல் வந்தது. பார்த்துக்கொண்டேன். பாய் கடைப் பெட்டிகளில் அடியில் இருந்த ஒன்றை எடுத்து, ரொபேரின் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன்.

அவர் வீட்டுச் சுவரில் இருந்தவை பிரான்சிலிருந்து கொண்டுவந்து பதித்த பழைய இரண்டு துளை பிளக் பாயிண்ட்கள். பெட்டிக்கோ மூன்று முனை. அதை வெட்டிவிட்டு அவர் வீட்டிலேயே கிடந்த பிரெஞ்சு பிளக்கை மாட்டினேன். கசிகிற கரண்டைத் தரைக்கு இறக்கும் பச்சைக் கம்பிக்கு அதில் இடமில்லை. மடித்து டேப் சுற்றினேன். முப்பது வருஷ அனுபவத்தின் சுத்தமான வேலை. ரொபேர் பந்தை ஒருமுறை அடித்துவிட்டு, பிரான்சையே ஜெயித்துவிட்டதுபோலத் துள்ளினார். "யார் விற்றது என்று மட்டும் சொல்லக் கூடாது" என்றேன். பட்டாளத்துக்காரர், சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் புறப்படக் குளித்துவிட்டு, ஈரத்தோடு ஓர் ஆட்டம் ஆட உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டார் கதவைத் தள்ளியபோது கை அந்த விளையாட்டுப் பெட்டியின் இரும்பு மூடிமேல் இருந்ததாம். திரையில் பந்து தானாக ஓடிக்கொண்டிருந்ததாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவிந்தராசு அன்று தேதியை மட்டும் சொல்லவில்லை. காரணத்தையும் சொன்னார். "உள்ள இருக்கற டிரான்ஸ்பார்மர்ல கரண்ட் கசியுது சார். பொங்கலுக்குள்ள மாத்திக் குடுத்துடுவோம். பாய்கிட்டயும் மறக்காம சொல்லிடுங்க." நான் தேதியைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அந்தப் பெட்டிப் பக்கமே போயிருக்கமாட்டார். பிறகு நான் அவரைச் சந்தேகப்படுவதற்கு என்ன இருக்கிறது?

கசிவு தெரிந்தும் பச்சைக் கம்பியை ஏன் மடித்தீர்கள் என்கிறீர்கள். மடிக்காவிட்டால் பிளக் சுவரில் ஏறாது. ஏறாவிட்டால் ரொபேர் பாயிடம் போவார்.

இப்போது காதர் பாட்சா உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். சீல் அவருடையது, அவர் கடைப் பெட்டிகளிலும் ஒன்று குறைகிறது. "சோமு அண்ணனைக் கேளுங்க, நான் விக்கலைன்னு அவருக்குத் தெரியும்" என்று அவர் அழுததாகச் சொன்னீர்கள். நல்ல மனிதர், நான் மறுக்கவில்லை. அவர் அழுகைக்காகவே நான் வாயைத் திறந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மனசாட்சி அப்படி.

ஆனால் இன்று காலை கடைத்தெருவில் ஒருவன் என் காதுபடப் பேசினான். "என்ன இருந்தாலும் காரைக்கால்ல மொதமொதல்ல வீடியோ கேம் வித்தது பாய்தானே." நான்கு பேர் தலையாட்டினார்கள். ஒரு பொய் ஊரில் இப்படி வேர்விட விடலாமா சார்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முதலில் விற்றவன் சோமசேகரன். அதைத் தலைப்பில் போடுங்கள். ரொபேர் செத்த விவரம் கீழே எங்காவது வந்தால் போதும்.