பால்கனியில் ஒரு தோட்டா

கடக்வாஸ்லாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி.

"அதுல ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தா மாட்டப் போறேன்," என்றார் கணவர்.

"துப்பாக்கித் தோட்டாவிலயா?"

"தாத்தா காலத்துத் தோட்டா. உள்ள இருக்கற மருந்து இந்நேரம் மண்ணாப் போயிருக்கும்."

"அப்புறம் ஏன் அதைப் பால்கனியில வச்சுக் கதவைத் தாழ் போட்டீங்க?"

"காத்தாட இருக்கட்டும்னுதான்."

மனைவிக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பட்டாளத்துல இருக்கற என் தம்பியே பழைய தோட்டான்னா பயந்துதான் தொடுவான். போலீஸ்ல சொல்லுவோம், அவங்க வந்து எடுத்துக்கட்டும்."

போலீஸ் சௌக்கி ஸ்டாப்பில் இருவரும் எழுந்தார்கள். இறங்கும்போது கணவர், தோட்டாவுக்கு மராத்தியில் என்ன என்று கண்டக்டரிடம் இந்தியில் கேட்டார்.

"காட்தூஸ்," என்ற கண்டக்டர், அவர் கையிலிருந்த பையைப் பார்த்ததும் பஸ்ஸைக் கிளப்ப அவசரமாக டபுள் பெல் கொடுத்தார்.