ஓட மறுத்த பேய்

திருச்சுழி பஸ்ஸில் என் முன் இருக்கையில் மில் வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பேயா நடிக்கிறேன், ஆனா ஓட மாட்டேன்னு டைரக்டருகிட்டச் சொல்லிட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

"அந்தப் பழைய பேய்ப்படத்தத்தானடி இந்தக் காலத்துக்கு ஏத்தாப்புல திரும்ப எடுக்காக? அதுல பேயோட்டுற கோடாங்கி உச்சிமுடிய அறுத்து, புளியமரத்துல ஆணி வச்சு அடிச்சதும் பேய் ஓடிருமே."

"அந்தக் காலத்துல ஓடுச்சு. இப்ப எதுக்கு ஓடணும்?"

"வேற ஆளப் போட்டுட்டாகன்னா? சினிமாவுல நடிக்கப்போறேன்னு மில்லு பூராம் சொல்லி வச்சிருக்க."

"போடட்டும். மாமன் மகனக் கட்ட மாட்டேன்னு சொன்னதுக்கு, பேய் பிடிச்சிருக்குன்னு எங்கய்யா என்னையக் கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனாரு. வேப்பங்குழையால அடிச்சாக. என் முடியவும் அறுத்து மரத்துல அடிச்சாக. அப்பவும் நான் கட்ட மாட்டேன்னுதான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் கட்டல."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"டைரக்டரு என்ன சொன்னாரு?"

"பேய் ஓடலேன்னா படத்த எப்படிம்மா முடிக்கிறதுன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"கோடாங்கிய ஓடச் சொல்லுங்கன்னேன்."