ரோலண்ட் ஃபெர்ரிஸின் மூக்கு நிழல்

அந்த மேஜை விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிவைத்தால் உங்களுக்குப் பத்து வயது குறைந்துவிடும், வக்கீல் சார். ஹாலிவுட்டில் இருபத்திரண்டு வருடமாகக் கேமரா பிடிக்கிறேன், பழக்கதோஷம். ஸ்டூடியோவின் படம் ஏன் குட்டிச்சுவரானது என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன்.

கதாநாயகன் ரோலண்ட் ஃபெர்ரிஸ் நல்ல மனிதன். கதாநாயகி அடேல் கிரேன்ஜர். அவள் நடித்த ஒன்பது படங்களுக்கும் நான்தான் கேமரா. அவளுடைய இடது கன்னம் வலது கன்னத்தைவிட ஒரு துளி அழகு கூடியது என்பது எனக்கு மட்டுமே தெரியும். படப்பிடிப்பின் முதல் வாரம், சாப்பாட்டு இடைவேளையில் என்னைத் தேடி வந்தாள்.

"கஸ், உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். நானும் ரோலண்டும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

வாழ்த்தினேன். பொறாமை என் சுபாவத்திலேயே கிடையாது.

மறுநாள் ரோலண்டின் தலைக்கு மேலிருந்த விளக்கை ஓரங்குலம் உயர்த்தச் சொன்னேன். அதற்கடுத்த நாள் இன்னும் ஓரங்குலம். விளக்கு மேலே போகப் போக மூக்கின் நிழல் கீழே இறங்கும். தினமும் கொஞ்சம்தான் என்பதால் யார் கண்ணையும் உறுத்தவில்லை. விளக்குக்காரன் ஓட்டோ மட்டும் கேட்டான்.

"என்னய்யா இது, அந்தாளு மூக்கு நிழல் உதட்டைத் தாண்டிருச்சு?"

"சோகக் காட்சிடா. நிழல் வேணும்."

"சோகமா? தும்பிக்கை மாதிரியில்ல தொங்குது."

படம் வெளிவருமுன் பக்கத்து ஊரான பசடேனாவில், பார்வையாளர்களுக்கு முன்னோட்டக் காட்சி போட்டார்கள். ரோலண்ட் அடேலின் மடியில் உயிர்விடும் இடம். நிழல் தாடையைத் தொட்டிருந்தது. பின்வரிசையில் ஒரு பெண்மணி, "யாராவது அவரு மூக்கைத் தாங்கிப் பிடிங்களேன், கீழ விழுந்துடப் போகுது" என்றாள். அரங்கமே சிரித்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரோலண்ட், இருட்டில் தன் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஸ்டூடியோ அவனுடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தது. இனி அடேலுக்குப் புத்தி தெளியும் என்று காத்திருந்தேன். அவளோ நடிப்பையே விட்டுவிட்டு அவனோடு கோழிப்பண்ணை வைக்கக் கிளம்பினாள். "அந்த மூக்கைப் பார்த்துத்தான் கஸ் நான் மயங்கினதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கலைக்காகத்தான் எல்லாம் செய்தேன். அவர்கள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கல்யாணத்துக்குப் போய் முப்பத்தாறு புகைப்படங்கள் எடுத்து, அன்பளிப்பாகவே கொடுத்தேன். முப்பத்தாறிலும் மாப்பிள்ளை முகம் மர நிழலில் மறைந்துவிட்டது. அந்த மரம் ஐம்பது வருடமாக அங்கேயேதான் நிற்கிறதாம், அதை நான் தொடக்கூட இல்லை. மாப்பிள்ளையைத்தான் ஓரடி தள்ளி நிற்கச் சொன்னேன்.