கீழ் வரிசையில் இரண்டாவது

— இல்லேன்னா இல்ல. என் ஃபோன் இருக்கிறபடியே இருக்கட்டும்.

— என்னங்க, அடுத்த மாசத்துலேர்ந்து இதுல வீடியோ கால் வராதாம். அப்டேட் போட்டாத்தான் பொண்ணுகிட்ட பேச முடியும். பேத்தி முகத்தைப் பார்க்க வேண்டாமா?

— இன்னிக்குக் காலைல கூடப் பொண்ணுகிட்ட பேசினேனே. நல்லாத்தான் வேலை செய்யுது.

— பேசினீங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— அப்புறம் என்ன? பழைய ஃபோன். புதுசை ஏத்தினா மூச்சு வாங்கும். என்னை மாதிரி.

— உங்களுக்கு எங்க மூச்சு வாங்குது? முட்டி வலின்னு ஸ்கூட்டரைத்தான் ஓரங்கட்டிட்டீங்க. மாடிப்படி மட்டும் விடுவிடுன்னு ஏறுறீங்க.

— படி வேற... வண்டி வேற.

— ஓ.

— ஓன்னா?

— ஓன்னா ஓதான். சொல்லுங்க.

— நீ மட்டும் என்ன? முன்னெல்லாம் மாசம் ஒருதரம் வீட்டையே திருப்பிப் போடுவே. கட்டில் கூடத்துக்கு வரும், பீரோ வாசலை மறைக்கும். இப்ப இருந்தது இருந்த இடத்துல. பழசு போதும்னு உனக்கே தோணிடுச்சுல்ல?

— தோணிடுச்சு.

— அதே மாதிரி என் ஃபோனையும் விடு மகராசி. புதுசு போட்டா எல்லாம் இடம் மாறிடும். தையக் கடைல பட்டன் தைக்கிற நம்ம காஜாக்காரனுக்கு அப்படித்தான் ஆச்சு, தேடித் தேடி அலைஞ்சான். எனக்கு இப்ப பொண்ணு நம்பர் எங்கன்னா, கீழ் வரிசைல ரெண்டாவது. கண்ணை மூடிக்கிட்டு...

— கண்ணை மூடிக்கிட்டு?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— நேத்து பொண்ணு பேத்தியோட படம் அனுப்பினாளே, பார்த்தீங்களா?

— பார்க்காம? அழகா இருந்தா.

— சட்டை எப்படி?

— தையக்காரன்கிட்டயே கேக்கறியா... நல்லாப் பொருந்தியிருந்துது. கழுத்துதான் கொஞ்சம் இறக்கம்.

— என்னங்க.

— ம்.

— அவ டப்புல உக்காந்து குளிச்சுக்கிட்டிருந்தா. சட்டையே இல்ல.

— அப்ப நான் பார்த்தது வேற படமா இருக்கும்.

— உங்க ஃபோனுக்கு நேத்தே அப்டேட் போட்டாச்சுங்க.

— என்ன சொல்றே?

— மதியம் நீங்க தூங்கும்போது. நீங்க சொன்ன மாதிரி எல்லாம் இடம் மாறித்தான் போச்சு. நிறமே வேற. எடுத்துப் பார்த்தா வேற ஃபோன் மாதிரி இருக்கு.

— காலைல நான்... பேசினேனே.

— போடறதுக்கு முன்னாடியே உங்க ஃபோனை என் ஃபோன்ல படம் புடிச்சு வச்சுக்கிட்டேன். அப்புறம் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொண்ணாப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். பொண்ணைக் கீழ் வரிசைல ரெண்டாவதா வச்சேன். நிறம் மாறினதைப் பத்தி ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு காலைலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்.

— பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?

— இல்ல.

— சொல்லாதே. இப்பத்தான் திரும்ப வேலைல சேர்ந்திருக்கா. எல்லாத்தையும் போட்டுட்டுக் கைக்குழந்தையோட ஓடி வந்துடுவா... நடுவுலதான் மங்கல். ஓரமெல்லாம் தெரியுது. ஊசி கோக்கறதைக் காஜாக்காரன் பார்த்துக்கறான்.

— நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம். நேரம் கேட்டு வச்சுட்டேன்.

— போனா, கத்திரியைக் கீழ வைன்னு சொல்லிடுவாங்க.

— சொன்னா வைங்க. நான் இருக்கேன்ல. கையைக் குடுங்க.

— உனக்கு... நேத்துதான் தெரிஞ்சுதா?

— போன வருஷம் ஒருநாள் சோபாவை ஜன்னல் பக்கம் மாத்திப் போட்டேன். கடைலேர்ந்து வந்த நீங்க, அது பழைய இடத்துல இருக்குன்னு நினைச்சு வெறும் தரைல போய் விழுந்தீங்க. கால் தடுக்கிடுச்சுன்னு சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். அன்னிக்கே திருப்பி வச்சதுதான்... அதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒரு ஸ்டூலைக்கூட நான் நகர்த்தலங்க.